வெள்ளை வட்டமிட்ட கிணறு

பிள்ளை,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பிழை. அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதில் வரும் பழைய பிழை ஒன்று பத்திரிகையில், என் எழுத்தில், எல்லோரும் படிக்க அச்சானது. அச்சில் வந்த பிழைக்குத் திருத்தமும் அச்சில்தான் வர வேண்டும் என்று எனக்குப் பத்திரிகைத் தொழில் பழக்கியவர்கள் சொல்லித் தந்தார்கள். நான் அந்தத் திருத்தத்தைப் போடாமலே ஓய்வுபெற்றுவிட்டேன்.

நீ கேட்டது இதுதான். தொழிலாளரின் நெஞ்சு எக்ஸ்ரே படங்களைக் கணினியே பார்த்து நோயைச் சொல்லும் நிரலை உங்கள் நிறுவனம் எழுதுகிறது. அதற்கு இப்போது பெரிய முதல் போட வந்திருப்பது கற்குவாரிகளும் கல்லறுக்கும் ஆலைகளும் வைத்திருக்கும் ஒரு குடும்பம். அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களுக்குத்தான் முதலில் அந்த நிரல் போகப்போகிறது. "நாங்கள் செய்யிறது நல்ல வேலை அப்பா. காசு மட்டும்தான் அங்கையிருந்து வருகுது. நான் இருக்கவோ, விலகவோ?" என்று கேட்டாய். நான் யோசிக்காமல், "நீ உன்ரை வேலையை ஒழுங்காச் செய். காசு எங்கையிருந்து வருகுதெண்டது உன்ரை பிரச்சினை இல்லை" என்றேன். உனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். உடனே சிரித்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விட்டாய். வீட்டுப் புதினங்களைச் சொல்லிக்கொண்டு போகிற போக்கில், "இவரின்ரை அப்பாவுக்கு இருமல் விடேல்லை, அவரின்ரை நெஞ்சுப்படத்தை வேறை இடத்திலை குடுத்துத்தான் பாத்தனாங்கள்" என்றும் சொன்னாய். உன் மாமனார் நீங்கள் இப்போது இருக்கிற நாட்டுக்குப் போன புதிதில் கல்லறுக்கும் ஆலையில் வேலை செய்தவர் என்பது எனக்குத் தெரியும். தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்த இரண்டு வசனங்களும் எனக்குள் ஒன்றையொன்று தேடிப் பிடித்தன. நான் உனக்குச் சொன்ன வசனத்தை இதற்கு முன்பும் ஒருவனுக்குச் சொல்லியிருக்கிறேன். நீ உன் வீட்டில் செய்ததை இதற்கு முன்பு நாங்களும் எங்கள் வீட்டில் செய்திருக்கிறோம்.

உன் யோகன் மாமாவை நீ ஒரு சைக்கிள் கடைக்காரனாகத்தான் அறிவாய். எந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும், "இது எந்தக் கிணத்துத் தண்ணி?" என்று கேட்டுவிட்டுக் குடிப்பார். உங்களுக்கெல்லாம் அது ஒரு பகிடி. கேட்பதற்குக் காரணம் உண்டு என்று உன் அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் இரசாயனம் படித்தவர். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அங்கிருந்து அடித்துத் துரத்தப்பட்டு, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு துவாய் மட்டும்தான் இருந்தது. அம்மா தன் தம்பியைக் கோப்பாயில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நீ அப்போது கைக்குழந்தை. மாதக் கணக்காக அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். மோட்டார் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து பின்பக்கம் போவார். யோகனுக்கு ஒரு வேலை கிடைத்தால் மனிதனாகிவிடுவான் என்பதுதான் அந்த நாட்களில் எங்கள் வீட்டின் ஒரே பேச்சு.

அந்த வேலையைக் கொடுத்தவர் மருதனார்மடச் சந்தையடியில் உரமும் பூச்சிமருந்தும் விற்ற ஒரு முதலாளி. நல்ல மனிதர். இதை எழுதும்போதும் அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை. வாட்டர் பம்ப் வைத்து எல்லோரும் அளவில்லாமல் இறைக்கத் தொடங்கியதால் பல கிணறுகள் உப்பேறிச் சவராகிக்கொண்டிருந்த காலம் அது. எந்தக் கிணறு நல்லது, எது கெட்டுவிட்டது என்று தெரியாமல் தோட்டக்காரர் தவித்தார்கள். முதலாளி தன் செலவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை நிலையம் திறந்தார். கட்டடம், கருவிகள், போய்வர ஒரு சைக்கிள், எல்லாம் அவருடையது. தோட்டக்காரரிடம் எதுவும் வாங்கப்படாது. யோகன் மாமா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எடுத்துவந்து உப்பையும் கிருமியையும் பார்ப்பார். நல்ல தண்ணீரென்றால் கிணற்றுக்கட்டில் வெள்ளைப் பெயின்ரால் ஒரு வட்டம், சவரென்றால் சிவப்பு வட்டம். அந்த வட்டங்களை அவரே தன் கையால் வரைந்தார். சைக்கிளில் பெயின்ர் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் ஒழுங்கைக்குள் வரும்போது பெண்கள் படலையடியில் வந்து நிற்பார்கள். அவருடைய முதுகு நிமிர்ந்தது. சாப்பிடும்போது கதைக்கத் தொடங்கினார்.

நான் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் படத்தோடு வந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் கிழமைதோறும் அதே முதலாளியின் உர விளம்பரம் வரும். ஆனால் என்னை எவரும் எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன். அதில் ஒரு வசனமும் பொய்யில்லை. கிணறுகளை நேரில் பார்த்தேன், தோட்டக்காரரிடம் கேட்டேன், மாமா பரிசோதிக்கும்போது பக்கத்தில் இருந்தேன். என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதினேன். என்ன செய்யவில்லை என்று கேட்கவில்லை. உன் அம்மா மட்டும் கட்டுரையை வாசித்துவிட்டு, "கள்ளுத் தவறணைக்காரன் வெறி முறிக்க மோர்ப்பந்தல் போட்ட மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்று சில கிழமைகள் கழித்து அவரே வந்து சொன்னார். யூரியா போட்டு இறைக்கும் தோட்டத்தில், அந்த உரத்தில் ஒரு பங்கு செம்மண்ணுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். தண்ணீருக்குள் அது நைத்திரேற்றாக இருக்கும். நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. கிருமியென்றால் கொதிக்க வைத்தால் சாகும், இது கொதித்தாலும் போகாது. பெரியவர்களுக்குச் சட்டென்று ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துச் சின்னக் குழந்தைக்குக் கொடுத்தால் குழந்தையின் இரத்தம் மூச்சை ஏந்த மாட்டாமல் போகலாம், உடம்பு நீலம் பாரிக்கும். கொழும்பில் அவர் வேலை செய்த இடத்தில் அதையும் பார்ப்பார்களாம். இங்கே அதைப் பார்ப்பதற்கான இரசாயனம் இல்லை. ஒரே ஒரு போத்தல்.

"அவர் ஒண்டையும் மறைக்கச் சொல்லேல்லை, அத்தான்" என்றார் மாமா. "நான் கேட்ட போத்தலை வாங்கித் தரேல்லை. அவ்வளவுதான். கேக்கிற நேரமெல்லாம், பாப்பம் தம்பி, அடுத்தமுறை கொழும்பிலையிருந்து சாமான் வரேக்கை எடுப்பம் எண்டுறார். கேட்டுக் கேட்டு எனக்கே வெக்கமாப் போச்சு. நீங்கள் பேப்பரிலை ஒரு வரி எழுதுங்கோ. வெள்ளை வட்டமெண்டால் உப்பும் கிருமியும் மட்டும்தான் பாத்தது, உரம் பாக்கேல்லை எண்டு."

ஒரு வரிதான் கேட்டார். நான் முதலாளியை நினைத்தேன், விளம்பரத்தை நினைத்தேன் என்று சொன்னால் அது என்னை இன்னும் கெட்டவனாக்கும், ஆனால் கதை சுலபமாகிவிடும். உண்மையில் நான் யோகனைத்தான் நினைத்தேன். கப்பலில் இருந்து துவாயோடு இறங்கியவன் இப்போதுதான் நிமிர்ந்து நடக்கிறான், இந்த வேலையும் போனால் திரும்பவும் பின்பக்கம் போய் நிற்பான் என்று நினைத்தேன். அந்த அன்பினால்தான் சொன்னேன்: "நீ உன்ரை வேலையை ஒழுங்காச் செய். காசு எங்கையிருந்து வருகுதெண்டது உன்ரை பிரச்சினை இல்லை." அவர் குசினிக்குள் போனார். அங்கே அம்மாவிடம் ஒரு வசனம் சொன்னது எனக்கும் கேட்டது. "அக்கா, நீ பிள்ளைக்கு நல்ல தண்ணிக் கிணத்திலையே அள்ளு. எங்கடை கிணத்து வட்டத்தை நம்பாதை."

உனக்கு அந்த ஊர்ப் பழக்கம் நினைவிருக்குமோ தெரியாது. எல்லா வீட்டுக் கிணறும் குளிக்க, துவைக்க, தோட்டத்துக்கு இறைக்க. குடிப்பதற்கென்று ஊரில் ஒன்றிரண்டு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கும். பெண்கள் குடத்தோடு அங்கே நடப்பார்கள். எங்கள் பக்கத்து நல்ல தண்ணீர்க் கிணறு கோயிலுக்குப் பின்னால், தோட்டங்களை விட்டுத் தள்ளி இருந்தது. வெள்ளை வட்டம் வந்த பிறகு அந்த நடை குறைந்தது. வீட்டுக் கிணற்றிலேயே நல்ல தண்ணீர் என்று படித்தவன் வந்து சோதித்து அடையாளம் போட்டிருக்கும்போது ஏன் நடக்க வேண்டும்? எங்கள் ஒழுங்கையில் உன் அம்மா மட்டும் நடந்தாள். இரண்டு வீடு தள்ளி இருந்த பூமணி, வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில் கிணறு வைத்திருந்தவள், ஒருநாள் படலையில் நின்று கேட்டாள். அம்மா வந்து என்னிடம் அதை அப்படியே சொன்னாள். "உங்கடை கிணத்துக்கும் வெள்ளை அடிச்சுத்தானே கிடக்கு, பிறகேனக்கா கால் தேய நடக்கிறியள்?" என்று கேட்டாளாம். அம்மா, "நடந்து பழகிப்போச்சு. நடக்காட்டி உடம்பு வைக்கும்" என்றாளாம். "உங்களுக்கோ? ஈர்க்குக்குச் சீலை சுத்தின மாதிரி இருந்துகொண்டு" என்று பூமணி சிரித்தாளாம். அம்மா அதைச் சொல்லிவிட்டுக் குடத்தை இறக்கி வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "சொல்லியிருக்கலாமோ?" என்று கேட்டாள். சொன்னால் யோகனின் வேலை போகும் என்றேன்.

பூமணிக்கு அடுத்த மாரியில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றியது. பால்மா கொடுத்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, துணியால் வடித்துத்தான் கரைத்தாள். தவழத் தொடங்குவதற்கு முன் குழந்தையின் உதடு நீலமாகியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான். பூமணி உறுதியாகச் சொல்லியிருக்கிறாள்: "ஓம் ஐயா, அது சோதிச்ச தண்ணி. வெள்ளை அடிச்சது." அதனால் டொக்டர் இதயத்தைப் பார்க்கப் போனார், நெஞ்சைப் பார்க்கப் போனார். குழந்தை இரண்டாம் நாள் போய்விட்டது.

தண்ணீரால்தான் என்று நான் எழுத மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. இதயத்தில் குறையிருந்தும் குழந்தைகள் நீலம் பாரிக்கும் என்று அந்த டொக்டரே பிறகு என்னிடம் சொன்னார். ஆதாரம் ஏன் இல்லை என்பதுதான் விஷயம். அந்தப் போத்தல் வாங்கப்படாததால் ஆதாரம் இல்லை. ஒரு பிள்ளை எதனால் செத்தது என்று தாய்க்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எதையும் தடுக்கவில்லை. உரம் விற்ற காசு எவர் கையையும் பிடித்து இழுக்கவில்லை. ஒரு போத்தலை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். மிச்சத்தை நாங்கள் எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தே முடித்து வைத்தோம்.

செத்தவீடு கழிந்து, எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்கு மறுநாள் யோகன் மாமா பூமணி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். தான் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று ஒன்றும் விடாமல் சொன்னார். பூமணியின் புருஷன் அடிக்க வந்தான். பூமணி அவனை மறித்துவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். உன் அம்மா ஏன் நடந்தாள் என்று அவளுக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது. அதன் பிறகு அம்மா அந்த ஒழுங்கையால் தண்ணீருக்குப் போகவில்லை. தோட்டங்களுக்குப் பின்னால் சுற்றிப் போவாள். சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாமா அடுத்த நாள் வேலையை விட்டுவிட்டு, ஓர் இரும்புத் தூரிகையை எடுத்துக்கொண்டு தான் வரைந்த வெள்ளை வட்டங்களைச் சுரண்டப் போனார். ஊர் அவருக்கு விசரென்று முடிவெடுத்தது. "அடிக்கேக்கை என்னைக் கேட்டோ அடிச்சனி? சுரண்டேக்கை மட்டும் ஏன் விளக்கம் சொல்லுறாய், சுரண்டிப்போட்டுப் போ" என்று ஒரு கிழவர் ஏசினார். சிலர் அவர் போன பிறகு தாங்களே சுண்ணாம்பால் வட்டத்தைத் திரும்பப் போட்டார்கள். நல்ல தண்ணீர் என்ற பெயரை இழக்க எவருக்கும் மனமில்லை. முதலாளி கோபப்படவில்லை. பையனுக்கு மனம் சரியில்லை, ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். இன்னொருவரை வேலைக்கு எடுத்தார். நான் அப்போதாவது எழுதியிருக்கலாம். தண்ணீரால்தான் என்று ஆதாரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துல்லியம் எனக்கு ஒளிந்துகொள்ள நல்ல இடமாக இருந்தது. மாமா கேட்ட அந்த ஒரு வரிக்கு எந்த ஆதாரமும் தேவைப்பட்டிருக்கவில்லை.

பிறகு எண்பத்தேழில் சண்டை வந்தது. அந்த நிலையத்தில் ஷெல் விழுந்து கருவிகள் போயின. தொண்ணூறுக்குப் பிறகு அரசாங்கத்தின் தடையால் யூரியாவே குடாநாட்டுக்குள் வரவில்லை. எங்கள் சின்ன அநியாயத்தைப் பெரிய அநியாயங்கள் வந்து மூடிவிட்டன. அப்படி மூடப்பட்டதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கிவர, எங்கள் ஊர்ப்பக்கமான முழு வலிகாமமும் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பன்னிரண்டு வயது. சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அங்கே ஒரு கிணறு, ஊர்ப்பட்ட சனம். கிணறு கலங்கிச் சேறாகியிருந்தது. பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றைத் திறந்துவிட்டார்கள். அதற்கு வரிசை. நீ ஒரு தகர ரின்னோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எங்களுக்கு முன்னால் யோகன் மாமா. தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பிய ஒரு பெண் அவருக்கு முன்னால் வந்து நின்றாள். பூமணி. அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்பிள்ளை. ஒன்பது வருடமாக அவள் எங்களோடு பேசியதில்லை. வாளியை மாமாவுக்கு முன்னால் நீட்டினாள்.

"தம்பி, இதைக் குடிக்கலாமோ?"

மாமா வாளியைப் பார்த்தார். சுற்றிவரத் தோட்டத்தைப் பார்த்தார். "தெரியாதக்கா" என்றார். "பாத்துச் சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை."

பூமணி வாளியில் இருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். வேறு தண்ணீர் இல்லை. பிள்ளை குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னாள். "அண்டைக்கும் இதைச் சொல்லியிருக்கலாம், தம்பி." அதை மாமாவைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் கண் என்மேல் இருந்தது. அவள் போன பிறகு, "அந்த மாமி ஏன் ஏசிப்போட்டுப் போறா?" என்று நீ கேட்டாய். ஏசவில்லை என்றேன். மேலே ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்களிலும் சொல்லவில்லை.

ஆகவே என் திருத்தம் இது. காசு எங்கிருந்து வருகிறது என்பது உன் பிரச்சினைதான். ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வதோடு அது முடிந்துவிடாது. உரக்கடைக்காரரின் காசு என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தோம். அந்தக் காசு எதை வாங்கவில்லை என்றுதான் நாங்கள் பார்க்கவில்லை. உங்கள் நிரல் எந்தெந்த நோயைத் தேடுகிறது என்று நீ எனக்குப் பெருமையோடு சொல்லியிருக்கிறாய். கல்லுத்தூசியால் நெஞ்சில் வரும் நோயைத் தேடுகிறதா என்று நான் கேட்கவில்லை. தேடுகிறதென்றால் இந்தக் கடிதத்தை ஒரு கிழவனின் பயம் என்று ஒதுக்கிவிடு. அந்த நோயை அடுத்த முறை பார்ப்போம் என்று உங்கள் கூட்டத்தில் எவராவது சொல்லியிருந்தால், அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது கெட்டவரின் குரலாக இருக்காது.

இருப்பதா விலகுவதா என்று நான் சொல்ல மாட்டேன். யோகன் மாமா விலகினார், கிணறுகளில் வட்டம் திரும்ப வந்தது. இருந்திருந்தால் போத்தல் வந்திருக்குமா என்பதும் தெரியாது. நீ கேட்டபோது, தெரியாது பிள்ளை என்று நான் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

உன் மாமனாரின் படத்தை ஏன் வேறு இடத்தில் கொடுத்துப் பார்த்தாய்? அந்தப் பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த ஆலைகளில் வரிசையில் நின்று, உங்கள் கணினி சரியென்று சொன்னதை நம்பி வீட்டுக்குப் போகப்போகிறவர்களுக்குச் சொல். அது ஒரு வரிதான்.

அப்பா